ரப்பர் புஷ்ஷே போதுமுங்க

அம்மா,

இன்று காலை குன்னூர்ப் பட்டறையில் புது ரப்பர் புஷ் பொட்டலத்தைப் பிரித்தார்கள். அந்த வாசனை மூக்கில் ஏறியது. நம் பழைய பியட் காரின் முன்பக்கம் மறுபடி ஆடத் தொடங்கியிருக்கிறது. “ரப்பருங்களா, இல்ல செவப்புப் புஷ் போட்டுடலாமுங்களா?” என்று மெக்கானிக் கேட்டார். என் கண்முன் நீங்கள்தான் வந்து நின்றீர்கள்.

தேயிலை விலை சரிந்த வருடங்கள் அவை. அப்பா கணக்கு எழுதிய தேயிலைத் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். பறிகூலிக்குக் கட்டாது என்று சிறு தோட்டக்காரர்கள் இலையைச் செடியிலேயே விட்டார்கள். இடுப்பளவில் நிற்க வேண்டிய செடிகள் ஆள் உயரம் வளர்ந்தன. அப்பா திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனார். வண்டியை விற்றுவிட்டு நாமும் கீழே வந்துவிட வேண்டும் என்றார். நீங்களோ, உங்கள் அப்பா, என் அப்பிச்சி, கொடுத்த அந்த வண்டியில் ஜெகதளாப் பக்கத்துப் பிள்ளைகளை ஏற்றி, வெலிங்டன் பள்ளிக்கு ஓட்டத் தொடங்கினீர்கள். கல்லூரி முடித்து வீட்டிலிருந்த நானும் பல நாள் முன்சீட்டில் வந்தேன்.

மழைக்காலம் முடிந்தபோது முன்சக்கரத்தில் ‘கடக் கடக்’ என்று சத்தம். பிரேக் பிடித்தால் வண்டி இடப்பக்கம் இழுத்தது. பட்டறை நாகராஜ் அண்ணன் அடியில் புகுந்து பார்த்தார். சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கைகள் வண்டியின் சட்டத்தோடு சேரும் இடத்தில் அதிர்வைத் தாங்கும் புஷ் எல்லாம் பிய்ந்திருந்தன. கறுப்பு ரப்பர் ஒன்றையும், கெட்டியான சிவப்பு ஒன்றையும் மேசையில் வைத்தார்.

“செவப்பு கோயமுத்தூர்ல ரேஸ்காரங்க போடறதுங்க. லேசுல தேயாது. வளைவுல வண்டி சொன்னபடி கேக்கும். ஆனா ரோட்டுல கெடக்கற கல்லு ஒவ்வொண்ணும் ஒடம்புக்குத் தெரியும்.”

“ஏனுங்க, நான் ரேசுக்கா போறேன்? பசங்க காலையில சாப்புட்டு வர்றாங்க. வளைவுலயே பாதிப் பேருக்குக் கொமட்டுது. ரப்பரே போதுமுங்க” என்றீர்கள்.

போட்ட சில வாரங்களில் மறுபடி அதே சத்தம், பிள்ளைகள் உள்ளே இருக்கும்போதே. நீங்கள் வண்டியை ஓரம் கட்டி, சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு, அத்தனை பேரையும் கைகோக்கச் சொல்லிப் பள்ளிவரை நடத்திக்கொண்டு போனீர்கள். சாயங்காலத்துக்குள் விஷயம் பரவிவிட்டது. இனி பஸ்ஸில் அனுப்பிக்கொள்கிறோம் என்று இரண்டு வீடுகளில் சொல்லிவிட்டார்கள். அந்த ஞாயிறு அப்பா வந்தார்.

“சொன்னாக் கேக்கோணும். இது ஊரான் பசங்க உசுரு. வித்துட்டுக் கெளம்பு.”

“உசுருன்னுதானுங்க நடத்திக் கூட்டிட்டுப் போனேன்” என்றீர்கள். குரல் உயரவில்லை.

மூவரும் பட்டறைக்குப் போனோம். கழற்றிய புஷ் ஒரு பக்கம் மட்டும் கிழிந்திருந்தது, மீதியெல்லாம் புதுசு. நாகராஜ் அண்ணன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“தப்பு என்னுதுங்க. வண்டியத் தூக்கி வெச்சபடியே நட்ட இறுக்கிட்டேன். கீழ எறக்குனதும் ரப்பர் முறுக்கிட்டு நின்னுருக்குது. வண்டி தன் எடையில தரையில நின்ன பொறகுதான் இறுக்கியிருக்கோணும்.”

“அப்பச் செவப்பையே போட்டுருங்க, வம்பே வேண்டாம்” என்றார் அப்பா.

“ரப்பர் மேல தப்பில்லைன்னு அவரே சொல்றாருங்களே. அதையே போடுங்க. எறக்கி வெச்சு இறுக்குங்க, நான் கூடவே நிக்கறேன்.”

வேலை நடந்தபோது உங்களுக்கு டீ கொண்டு வந்தேன். நட்டின் மேலிருந்து கண்ணை எடுக்காமலே டம்ளரை வாங்கினீர்கள். பயமா என்று மெதுவாகக் கேட்டேன். “இருக்குது கண்ணு. பயமில்லாதவங்க பசங்கள ஏத்தக் கூடாது” என்றீர்கள்.

பிறகு அப்பாவை முன்சீட்டில் உட்கார வைத்து, மலைப்பாதையில் பர்லியார் வரை வண்டியை இறக்கி ஏற்றினீர்கள். நான் பின்னால் இருந்தேன். இறங்கும்போது அப்பா கதவுப் பிடியை விடவே இல்லை. ஏறி வரும்போது எந்த வளைவில் விட்டார் என்று நான் கவனிக்கவில்லை. குன்னூர் வந்ததும் கேட்டார்:

“திங்கக்கெழம எத்தன மணிக்குக் கெளம்புவ?”

“ஏழரைக்குங்க.”

“அந்த ரெண்டு ஊட்டுலயும் நான் பேசிப் பாக்கறேன்.”

ஒரு வீட்டில் மறுபடி பிள்ளையை அனுப்பினார்கள். இன்னொரு வீட்டில் கடைசிவரை அனுப்பவில்லை. நீங்கள் அதை மனதில் வைத்துக்கொள்ளவும் இல்லை. அப்பா வேலையிலிருந்து ஓய்வு பெறும்வரை திருப்பூரிலேயே இருந்தார். நாம் கீழே போகவே இல்லை. நீங்கள் கண்மூடிய அன்று அந்தப் பிள்ளைகளில் சிலர் வந்திருந்தார்கள். ஒருத்தி தன் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, உங்கள் காலடியில் வெகுநேரம் நின்றாள்.

மெக்கானிக்கிடம் ரப்பர் என்றேன். வண்டியை இறக்கி அவர் நட்டை இறுக்கும்வரை பக்கத்திலேயே நின்றேன்.

வீட்டுக்கு வரும் வழியில் ஒரு காட்டெருமை தேயிலைக்குள்ளிருந்து சாலையில் இறங்கியது. பிரேக்கை மிதித்தேன். வண்டி நேராக நின்றது. என் இடது கை தானாக நீண்டு, பக்கத்துச் சீட்டில் இருப்பவரைப் பிடித்து நிறுத்தப் போனது. எவ்வளவு மெதுவாகப் பிரேக் போட்டாலும் நீங்கள் எனக்கு அப்படித்தான் கை நீட்டுவீர்கள். நான் வளர்ந்த பிறகும் விடவில்லை. சீட்டில் யாரும் இல்லை. காட்டெருமை நிதானமாகச் சாலையைக் கடந்து போனது. அதுவரை கையை எடுக்கவில்லை, அம்மா.