அடியில் ஒரு விரல் சாம்பல்

11.9.2023, திங்கள்

பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும் முன் பின்னடுப்பில் சாம்பல் அள்ளினேன். குளிக்கத் தண்ணீர், சோறு, மீன்குழம்பு எல்லாம் அந்த விறகடுப்பில்தான். கேஸ் காப்பிக்கும் அவசரத்துக்கும். நேற்று எரித்தது உடைமர விறகு. அதன் சாம்பல் வெள்ளையாக, மாவு மாதிரி இருக்கும். மேலே ஆறியிருந்தாலும் உள்ளே விரலை விட்டால் சூடு.

மதிய இடைவேளையில் வீட்டுக்காரர் பிரைட்டன் கூப்பிட்டார். கப்பலில் ஜெனரேட்டருக்கு எண்ணெய் தீர்ந்துவிட்டதாம். சமையலறையில் இருப்பது கரண்ட் அடுப்பு. சின்ன சோலார் தகட்டில் போன் மட்டும் சார்ஜ் ஆகிறதாம்.

"ஏளா ஷெர்லி, விறகடுப்பு எப்படிப் பத்த வைக்கணும்?"

சிரித்துவிட்டேன். இந்த வீட்டில் பிறந்து வளர்ந்த மனுஷன், அந்த அடுப்புத் தண்ணீரிலேயே குளித்து ஆளானவர், என்னிடம் கேட்கிறார். அவரும் சிரித்தார்.

ஜூனில் வீட்டுக்கு வந்திருக்க வேண்டியவர். ஃபிட்டர் வேலைக்குப் போட்ட ஒப்பந்தம் எப்போதோ முடிந்துவிட்டது. கப்பல் வளைகுடாவில் ஒரு துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நிற்கிறது. கம்பெனிக்காரன் போனை எடுப்பதில்லை. மாற்று ஆள் வராமல் இவர்களைக் கப்பலை விட்டு இறங்கவும் விடமாட்டார்கள். கரை நன்றாகத் தெரிகிறதாம். சாயங்காலம் கார்கள் போவதுகூடத் தெரிகிறதாம்.

தெரிந்து என்ன?

13.9.2023

எண்ணெய் பீப்பாயை வெட்டி அடுப்பாக்கி மேல்தளத்தில் வைத்திருக்கிறார். வெட்டுவதும் ஒட்டுவதும் அவருக்குக் கைவந்த வேலை. விறகுக்கு, சரக்கின் அடியில் முட்டுக் கொடுக்கும் பலகைகள். சமையல்காரர் உடம்பு சரியில்லாமல் முன்பே ஊருக்குப் போய்விட்டதால் சோறு பொங்குவதும் இப்போது இவர் தலையில்.

"முதல் ரெண்டு நாள் நல்லா எரிஞ்சுது. இப்பம் ஒரே புகைதான் வருது."

"சாம்பல எடுத்தியளா?"

"எடுக்கணுமா?"

எடுக்கணுமா! எவ்வளவு நாள் இவரைப் பெற்ற அத்தை முதுகை வளைத்து அள்ளியிருக்கிறாள், பின்வாசலில் நின்று பல் தேய்த்தபடி பார்த்துக்கொண்டுதானே இருந்திருப்பார்.

சொன்னேன்: அடைத்துக்கொண்டால் காற்றுப் போகாது, காலையில் அள்ளிவிட வேண்டும். ஆனால் முழுசாக வழிக்கக் கூடாது. அடியில் ஒரு விரல் உயரம் விட வேண்டும். ராத்திரி நெருப்புக் கங்குகளைச் சாம்பலால் மூடி வைத்தால் காலையில் ஊதிப் பற்ற வைக்கலாம், தீக்குச்சி வேண்டாம்.

"அது நல்லதாப் போச்சு. தீப்பெட்டி கொஞ்சந்தான் கெடக்கு."

போனை வைத்த பிறகு அலமாரியைத் திறந்து பார்த்தேன். தீப்பெட்டிக் கட்டு பிரிக்காமல் இருக்கிறது. இங்கிருந்து கோவில்பட்டி கூப்பிடு தூரம். உலகத்துக்கே தீப்பெட்டி செய்கிற ஊர். என் வீட்டுக்காரர் கடலில் குச்சியை எண்ணிக்கொண்டிருக்கிறார்.

20.9.2023

இன்று வீடியோவில் வந்தார். முகம், புருவம், மீசை எல்லாம் சாம்பல். காற்றுக்கு எதிராக நின்று கடலில் கொட்டியிருக்கிறார்! "காத்துக்கு முதுகைக் காட்டணும்னு நீ சொல்லலியே" என்று என்மேலேயே பழி. அத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "எம்புள்ள கிழவனாயிட்டானே" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே உள்ளே போனவள் வெகுநேரம் வெளியே வரவில்லை.

2.10.2023

விடுமுறை. துணி துவைத்தேன். அலமாரியில் அவருடைய நீலக்கட்டம் போட்ட சட்டையை எடுத்து மோந்து பார்த்தேன். சோப்பு வாசனைதான் வந்தது. துவைத்திருக்கவே கூடாது.

சாயங்காலம் பேசும்போது அவராகவே சொன்னார்: "கல்யாணமான புதுசுல உன் தலைமுடில புகை வாசம் அடிக்குன்னு கேலி பண்ணுவேம்லா? இப்பம் என் சட்டை பூரா அந்த வாசந்தான். படுக்கும்போது சட்டைய மூஞ்சில போட்டுக்கிடுதேன்."

சரி, வையுங்க, சார்ஜ் போயிரும் என்றேன். வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம்.

16.10.2023, திங்கள்

லீவு போட்டுவிட்டுத் தூத்துக்குடி போனேன். கலெக்டர் ஆபீஸில் மனுநாள். அங்கிருந்த அம்மா பொறுமையாகக் கேட்டார்கள். மேலே அனுப்பியிருக்கிறோம், கோர்ட்டில் வழக்கும் நடக்கிறது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். போன தடவையும் இதைத்தான் சொன்னார்கள், ஆனால் இந்தத் தடவை தண்ணீர் கொடுத்து உட்காரச் சொன்னார்கள்.

பஸ் ஏறப் போகாமல் பீச் ரோட்டுக்குப் போய் நின்றேன். தூரத்தில் கப்பல்கள். உள்ளே வர முறை பார்த்து நிற்கிறவை. இத்தனை வருஷமாகப் பார்க்கிறேன், அதில் ஆள் இருக்கிறார்கள் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. இன்று ஒவ்வொன்றிலும் மேல்தளத்தில் புகை தெரிகிறதா என்று தேடினேன். எந்த ஊர்க்காரர்களோ. அவர்களுக்கும் எங்கேயாவது ஒருத்தி.

4.11.2023

தேவனுக்கு ஸ்தோத்திரம்! மூன்று பேரை ஊருக்கு விடச் சம்மதித்துவிட்டார்கள். பட்டியலில் பிரைட்டன் பெயர் இருக்கிறது. அதிக நாள் ஆனவர்களுக்கு முதல் இடமாம்.

அத்தை வேதக்கோயிலுக்குப் போய்ப் போதகர் ஐயரிடம் சொல்லிவிட்டு வந்தாள். நான் மெத்தையை வெயிலில் போட்டேன். விறகு உடைக்கச் சொன்னேன். தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டேன், என்னவோ நாளைக்கே வருகிற மாதிரி.

9.11.2023

வரவில்லை. அவர் வரவில்லை. இடத்தை விட்டுக் கொடுத்துவிட்டார். லிங்கராஜ் என்று குலசேகரன்பட்டினத்துப் பையன் — பையன் என்ன, கல்யாண வயசு — அவனுக்கு.

"அவன் அப்பா தவறிட்டாவ ஷெர்லி. இவந்தான் ஒரே மவன். எரிச்ச பெறவுதான் சேதியே வந்துச்சு. காரியத்துக்காவது போவட்டும்னுதான்..."

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியளா?"

"கேட்டா நீ வேண்டாம்னா சொல்லிருப்ப?"

சொல்லியிருப்பேன்! சொல்லத்தான் செய்திருப்பேன். நான் ஒண்ணும் பரிசுத்தவாட்டி இல்ல. எனக்கு எம்புருஷன் வேணும். ஊருல எல்லாருக்கும் அப்பா சாவுதாவ. அதுக்கு நான் என்ன செய்யட்டும்? மெத்தையெல்லாம் காய வச்சு... போனை அணைச்சுட்டேன்.

அத்தை மகனைத் திட்டவும் இல்லை, மெச்சவும் இல்லை. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

10.11.2023

சாம்பல் அள்ளவில்லை. அப்படியே விறகை வைத்தேன். வீடெல்லாம் புகை. கண் எரிந்தது. நல்லதாகப் போயிற்று, யாரும் காரணம் கேட்கவில்லை.

12.11.2023

தீபாவளி. எதிர்வீட்டு ஆதிலக்ஷ்மி டீச்சர் பலகாரம் கொண்டுவந்தார்கள். போன் மூன்று தடவை அடித்தது. எடுக்கவில்லை.

14.11.2023

இன்று எடுத்தேன்.

பின்னால் கடல்காற்று கேட்டது.

"சாம்பல் அள்ளியாச்சா?" என்றார்.

"ஆச்சு" என்றேன். "அங்கன?"

"ஆச்சு."

அவ்வளவுதான். வைத்துவிட்டோம். ஆனாலும் இன்றைக்குச் சோறு இறங்கியது.

2.12.2023, சனி

லிங்கராஜ் வந்தான். வாசலில் மொட்டைத் தலையோடு ஒருவன், கையில் கருப்பட்டிப் பொட்டலம். பெயரைச் சொன்னதும் எனக்குக் கதவை விட்டு நகரத் தோன்றவில்லை. அத்தைதான், "உள்ள வாப்பா, வெயில்ல வந்திருக்க" என்றாள்.

என் முகத்தைப் பார்க்கவே அவன் கூச்சப்பட்டான். காப்பியை வாங்கிக்கொண்டு பின்கட்டுக்கு வந்தவன் அடுப்பைப் பார்த்ததும் அப்படியே குத்த வைத்துவிட்டான்.

"இதுதானா மைனி? அண்ணன் சொல்லுத அடுப்பு?"

"என்ன சொல்லுவாவ?"

"எங்க யாரையும் சாம்பலத் தொட விட மாட்டாவ. 'வழிச்சு அள்ளிருவிய, மைனி சொன்னபடி அடியில விடணும்லா'ம்பாவ. பெயிண்ட் அடிச்ச பலகை, புகை நாத்தம் தாங்காது. அண்ணன் மட்டும் காலைல ஒத்தைக்குக் கெடந்து அள்ளிட்டு, கையக் கழுவாம கொஞ்ச நேரம் அப்படியே இருப்பாவ. நாங்க அந்தப் பக்கம் போமாட்டோம்."

அவர் சொல்லாத மற்றதையும் சொன்னான். குடிதண்ணீர் அளந்து குடிக்கிறார்களாம். ஒருவருக்கொருவர் அடிதடி வரை போனதாம். இரண்டு தடவை இவர் காய்ச்சலில் கிடந்தாராம். இருமுகிறாராம். என்னிடம் பேசும்போது இருமலை அடக்கிக்கொள்வாராம்.

கிளம்பும்போது சொன்னான்: "அப்பா முகத்தப் பாக்கல. ஆனா அம்மைய ஒத்தையில விடாம வந்து சேந்துட்டேன் மைனி. அது அண்ணனாலதான்."

ஒரு பாத்திரத்தில் நாரத்தங்காய் ஊறுகாய் கட்டிக் கொடுத்தேன், அவன் அம்மாவுக்கு. கோபம் போய்விட்டதா? போகவில்லை. ஆனால் யார்மேல் என்று தெரியவில்லை.

17.12.2023, ஞாயிறு

விடாத மழை. ஆராதனைக்கு யாரும் போகவில்லை. பின்கட்டில் தண்ணீர் ஏறுகிறது. கரண்ட் இல்லை.

22.12.2023

இன்றுதான் எழுத முடிகிறது. ராத்திரியோடு ராத்திரியாகத் தண்ணீர் வீட்டுக்குள் வந்துவிட்டது. அத்தையைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு ஆதிலக்ஷ்மி டீச்சர் வீட்டு மாடிக்குப் போனோம். எந்தப் பக்கமும் ரோடு இல்லை. போன் இல்லை. ஏரல், ஸ்ரீவைகுண்டம் பக்கம் இன்னும் மோசம் என்றார்கள். மாடியில் நின்று பார்த்தால் எங்கும் செம்மண் தண்ணீர். அந்த நேரத்தில் நினைத்தேன் — நாமும் கப்பலில்தான் நிற்கிறோம்.

இன்று தண்ணீர் வடிந்து வீட்டுக்கு வந்தோம். அடுப்பு கரைந்து போயிருக்கிறது. மண் எது, சாம்பல் எது என்று தெரியாத ஒரே குழம்பு. வெறுங்கையால் வாரினேன். ஈரச்சாம்பல் கையை அரித்து விரலிடுக்கெல்லாம் வெடித்துவிட்டது.

சாயங்காலம் சிக்னல் வந்ததும் போன் அடித்தது. எடுத்து "ஏங்க" என்றேன். அந்தப் பக்கம் அழுகை. கல்யாணமாகி இதுவரை அவர் அழுது நான் கேட்டதில்லை.

"செய்தில ஊரக் காட்டுனான்ளா. நம்ம தெருவத் தேடித் தேடிப் பாத்தேன். அம்மை எங்க?"

அத்தையிடம் கொடுத்தேன். பிறகு என்னிடம் வந்து சொன்னார்: "உங்கள்ட்ட பேசுத வரைக்கும் அடுப்ப அணைய விடல. விறகு பத்தாது, திட்டுனானுவ. இருந்தாலும் விடல. எதுக்குன்னு தெரியல ஷெர்லி."

எனக்குத் தெரிந்தது. இருமலை அடக்காம இருமுங்க என்று மட்டும் சொன்னேன்.

25.12.2023

கிறிஸ்துமஸ். சுவரில் தண்ணீர்க்கறை. நிவாரணத்தில் வந்த அரிசியில் கேஸில் சோறு. அவர் அங்கே ரவையில் கேக் மாதிரி ஏதோ செய்தாராம். கரிந்துவிட்டதாம். எல்லோரும் தின்றார்களாம்.

6.1.2024

குளத்து மண்ணில் உமி கலந்து மிதித்து, அத்தையும் நானும் புது அடுப்புப் போட்டோம். காய்ந்ததும் இன்று தீ வைத்தேன். தீ எழும்புகிறது, நிற்கவில்லை. அடியில் சாம்பல் இல்லை, வெறும் குளிர்ந்த மண். கொஞ்ச நாள் எரிந்தால்தான் சரியாகும்.

அவரிடம் சொன்னேன். "நான் இங்கன வேண்டியமட்டும் வச்சிருக்கேன், அனுப்பவா?" என்றார். இரண்டு பேரும் சிரித்தோம்.

23.1.2024

கோர்ட் ஏலத்தில் கப்பல் விற்றுவிட்டதாம். புது முதலாளி ஆட்களை அனுப்புகிறானாம், இவர்கள் எல்லோரும் இறங்கலாமாம்.

மெத்தையை வெயிலில் போடவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. அத்தையிடம்கூட.

30.1.2024

டிக்கெட்டைப் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறார். பெயரை எழுத்தெழுத்தாகப் படித்தேன். அவர் பெயர்தான். இந்தத் தடவை நானே கேட்டேன்: "யாருக்கும் அப்பா அம்மைக்கு ஒண்ணும் இல்லையே?"

"இல்லளா. எல்லாரும் வாறோம்."

5.2.2024, திங்கள்

பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டேன். சோறு கேஸில் வைத்தேன். வெயில் முற்றத்துக்கு வந்தாயிற்று. அத்தை பின்கட்டில் நின்று, இன்னும் அடுப்பு மூட்டவில்லையா என்று சைகையால் கேட்டாள். நான் ஜன்னலைக் காட்டினேன். அவள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போனாள்.

இன்று சாம்பல் அள்ளவில்லை. தகரத்தால் சுரண்டினால் உள்ளே கேட்கும். அவர் தூங்குகிறார்.