உளுந்துச் செடி மேல் போட்ட பிரேக்

அக்கா,

இன்று காலை கண்டனூர் ரோட்டில் உளுந்துச் செடியைப் பரப்பிப் போட்டிருந்தார்கள். போகிற வண்டிகள் ஏறி மிதித்தால் நெற்று உடைந்து மணி உதிர்ந்துவிடும், செடியை அடிக்க ஆள் தேட வேண்டாம். காய்ந்த செடி நசுங்கும் வாசனை ஜன்னல் வழியே வந்ததும் காரை ஓரமாக நிறுத்திவிட்டேன்.

இதே ரோட்டில்தான் உனக்குக் கார் ஓட்டச் சொல்லிக் கொடுத்தேன். பஸ்ஸுக்குக் காத்து நிற்காமல் வேலைக்குப் போக வேண்டும் உனக்கு. மச்சானின் பழைய கார் சும்மா நின்றது. நானோ மெக்கானிக்கல் படித்த திமிரில், கிளட்சுக்கு முன்னால் உராய்வை ஆரம்பித்தேன்.

"டயர் ரோட்டப் பின்னாடி தள்ளுது. உராய்வு கார முன்னாடி தள்ளுது. அது இல்லன்னா சக்கரம் நின்ன எடத்துலயே சுத்தும்."

"பிரேக் போட்டா நிப்பாட்டுறதும் அதுதானடா?"

"ஆமா."

"அப்ப ரெண்டு பக்கமும் பேசுற ஆளா? நம்ம சித்தப்பா மாதிரி."

எனக்குச் சிரிக்கப் பொறுமையில்லை. "ரோட்டப் பாரு" என்றேன்.

பத்தாவது நாள், செடி பரப்பியிருந்த இடத்தில் ஓர் ஆடு குறுக்கே வந்தது. நீ ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து, பிரேக்கை மெதுவாகத்தான் தொட்டாய். நான்தான் கத்தினேன்: "அமுக்கு! முழுசா அமுக்கு!" அமுக்கினாய். சக்கரம் நின்றது, கார் நிற்கவில்லை. ஸ்டியரிங்கைத் திருப்பியும் திரும்பாமல் வழுக்கிக்கொண்டே போய்ப் பள்ளத்தில் இறங்கியது. ஆடு தப்பித்தது. முன்விளக்கு உடைந்தது.

"யாரு மேலடா தப்பு?" என்றார் மச்சான்.

"அக்காதான். பதறிருச்சு, சொன்னதக் கேக்கல."

நீ என்னைப் பார்த்தாய். மச்சான் சாவியைப் பீரோவில் வைத்துப் பூட்டினார். நோய் உன்னைப் படுக்க வைத்துக் கொண்டுபோகும் வரைக்கும் பஸ்ஸில்தான் போனாய்.

சுற்றுகிற சக்கரத்துக்குத்தான் நல்ல பிடி இருக்கும். சுற்றாமல் இறுகிய சக்கரம் சறுக்கும். காய்ந்த செடி மேல் கேட்கவே வேண்டாம். பள்ளத்திலிருந்து காரை ஏற்றும்போதே எனக்கு இது புரிந்துவிட்டது. புரிந்துதான் அப்படிச் சொன்னேன்.

இன்று நேராக மச்சானிடம் போனேன். "அன்னைக்கு அக்கா செஞ்சதுதான் சரி மச்சான். அமுக்கச் சொன்னது நான். நீங்க கேட்டீகள்ல, பொய் சொல்லிட்டேன்."

அவர் காபியை ஆற்றிக்கொண்டே இருந்தார். "எங்கிட்ட எதுக்குடா சொல்ற? வண்டி ஓட்டணும்னு ஆசைப்பட்டது அவ."

அதனால் எழுதுகிறேன். ரோட்டில் செடி கிடந்தால், நான் இப்போது தூரத்திலேயே காலை எடுத்துவிடுகிறேன். பிரேக்கை மெதுவாகத்தான் தொடுகிறேன். நான் உனக்குச் சொல்லிக் கொடுத்தது இல்லை அது. நீ செய்தது.

நீ சரியாகத்தான் ஓட்டினாய், அக்கா.