நடுவில் இருந்த வெறும் தரை

கண்ணு,

மூணு மாசமா நீ போன் பண்ணினா நான் எடுக்கலை. அதுக்காக இதை சமாதானக் கடுதாசின்னு நினைச்சுக்காதே.

சுறாத் துடுப்பு வியாபாரத்தையே தடை செய்யணும்னு நீ டிவியில பேசினதைக் கிடங்குல எல்லாரும் பார்த்தோம். மறுநாளே முதலாளி, அந்தத் தடைச் சட்டம் வேண்டாம்னு ஒரு மனு கொண்டுவந்தார். முதல் கையெழுத்து நான்தான் போட்டேன். உன்னை வக்கீலாக்கினதே இந்தத் துடுப்பு வேலைதானே.

இப்பல்லாம் மொட்டைமாடியில துடுப்பைக் காயப்போட்டுட்டு உட்கார்ந்தா கண்ணு சொக்குது. எல்லாம் தரையில மெதுவா நீந்துற மாதிரி இருக்கு. எங்கதான் போகுதுன்னு நானும் பார்த்துக்கிட்டே இருக்கேன்.

நேத்து ஒரு செட்டு கட்டறப்போ கை நின்னுபோச்சு. முதுகுல ஒண்ணு, பக்கத்துக்கு ஒண்ணா ரெண்டு, வால் ஒண்ணு. ஒரே சுறாவோடதைத்தான் ஒரே கயித்துல கட்டணும். இருபது வருஷமா கட்டறேன், ஒரு முழுச் சுறாவை நான் கண்ணால பார்த்ததில்லை. நாலையும் குத்துமதிப்பா அதனதன் இடத்துல வச்சேன். நடுவுல வெறும் தரை. சிரிக்காதே, அங்க ஒருக்களிச்சுப் படுத்துப் பார்த்தேன்.

அளவு சரியா இருந்துச்சு. தரை கதகதன்னு இருந்துச்சு. எழுந்திருக்க மனசே வரலை.

போட்ட கையெழுத்தைத் திரும்ப வாங்க முடியுமான்னு கேட்டுச் சொல்லு. முடியும்னா, கிடங்குல இருக்கிற எங்க ஆறு பேருக்கும் சட்டம் வந்த மறுநாள் என்ன வேலைன்னும் சேர்த்தே கேளு.

இப்படிக்கு,
இனிமே போனை எடுக்கப்போற அம்மா