யானை வந்தாக

சுருளிப்பட்டி

அன்பு மகள் சினேகாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், திராட்சைக் கொடியும் பூப் பிடித்துச் சுகமாக இருக்கிறது. அந்த ஜெர்மனிக் குளிரில் நீ வேளைக்குச் சாப்பிட்டு, காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போகிறாய் என்று தெரிந்தால் எங்களுக்கு அதுவே போதும். போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் உனக்குப் பஸ் வந்துவிடுகிறது, அதனால்தான் பார்சலில் என் புதுப் புத்தகத்தோடும் துணி யானையோடும் இதையும் வைக்கிறேன். யானைக்குள் நம் இலவம்பஞ்சுதான், தும்பிக்கையை மட்டும் மூன்று முறை பிரித்துத் தைத்தேன், முதலில் தைத்தது சாரைப்பாம்பு மாதிரி இருக்கிறது என்று அப்பாவுக்கு ஒரே கிண்டல்.

இந்தப் புத்தகம் வந்த கதையைக் கேள். நீ பால்வாடிக்குப் போன காலத்தில் பழைய சேலையில் உனக்குப் பொம்மை தைத்து, அதற்கொரு கதை கட்டி, படமும் வரைந்து தொடங்கியது, இப்போது மூன்றாவது புத்தகத்துக்கு வந்துவிட்டது. முதல் இரண்டையும் பயந்து பயந்து பாடப்புத்தகத் தமிழில்தான் எழுதினேன். நம் வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போனவள் நான், கோயம்புத்தூரில் முதல் வருடம் வகுப்பில் எழுந்து, சார் வந்தாக என்று நான் சொல்ல, எல்லோரும் சிரித்ததிலிருந்து எனக்கு நம் ஊர்ப் பேச்சின் மேல் ஒரு கூச்சம். இந்தத் தடவைதான் துணிந்து, நம் தோப்புக்காரர்கள் சொல்கிற மாதிரியே யானை வந்தாக, யானை குளிச்சாக என்று எழுதினேன். சென்னைப் பதிப்பகத்து எடிட்டர் சுகிர்தம் தங்கமானவர், ஆனாலும் யானை அஃறிணை என்று சொல்லி எல்லா இடத்திலும் வந்தது, குளித்தது என்று திருத்திவிட்டு, வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது, சரிதானே என்று போனில் கேட்டார். வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன், சரிங்க மேடம் என்று வந்துவிட்டது. அன்றைக்கு எனக்குச் சோறே இறங்கவில்லை.

மறுநாள் மார்க்கையன்கோட்டைப் பள்ளியில் கதை சொல்லக் கூப்பிட்டிருந்தார்கள். திருத்தின தாளையே வாசித்தேன். யானை வந்தது என்றதும் முன்வரிசையிலிருந்து அனுஷ்கா என்ற வாண்டு எழுந்து, டீச்சர், ஆனைக்கு மருவாதி குடுங்க, காதுல விழுந்துச்சுன்னா உங்க வீட்டுக்கே வந்துருவாக என்றாள். பக்கத்திலிருந்தவள் விடவில்லை, ஏய், அவுக வந்தா டீச்சர் வீட்டு வாசல் பத்தாதுடி என்றாள். வகுப்பே உருண்டு சிரித்தது. நானும் சிரித்தேன், ஆனால் அதற்குமேல் அந்தத் தாளைப் பார்த்து வாசிக்க என்னால் முடியவில்லை, நான் எழுதினபடியே மீதிக் கதையைச் சொல்லி முடித்தேன்.

வந்த பஸ்ஸையும் விட்டுவிட்டு, பள்ளி வாசலிலேயே நின்று சுகிர்தத்துக்குப் போன் செய்தேன். மேடம், நேத்து சரின்னது என் தப்பு, எங்க ஊருல ஆனை வந்தாகதான், அதை மாத்தித்தான் ஆகணும்னா புத்தகமே வேண்டாம் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். ஏன் என்று மெதுவாகக் கேட்டார். அனுஷ்கா சொன்னதை அப்படியே சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். அச்சை இரண்டு நாள் தள்ளிவைத்து எல்லாவற்றையும் பழையபடி மாற்றிக் கொடுத்தார். நேற்று, புத்தகத்தோடு சேர்த்துக் கொடுக்க அவர் தைத்துத் தரச் சொல்லியிருந்த துணி யானைகளைப் பற்றி அவரிடமிருந்து ஒரு செய்தி, ஹேமாவதி, ஆனைக எப்ப கிளம்புறாக என்று. அப்பாவிடம் காட்டினேன், பாத்தியா புள்ள, மெட்ராசே நம்ம பேச்சுக்கு வந்துருச்சு என்று தோட்டம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

அடுத்த மாதம் கம்பத்தில் வெளியீடு. என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். எழுதி வைத்துக்கொள்ளவில்லை, வீட்டில் பேசுகிற மாதிரியே பேசிவிட்டு வரப்போகிறேன். சுருளி வேலப்பர் உனக்குத் துணையிருப்பார், நோய் நொடியில்லாமல் நன்றாக இரு. பார்சல் வந்ததும் அப்பாவுக்கு ஒரு போன் போடு, தைரியமாகத் தும்பிக்கை நன்றாக இருக்கிறது என்று சொல்.

உன் அம்மா,
ஹேமாவதி