மூன்றாம் எண் பாட்டில்

சிங்கப்பெருமாள் கோயில்
5.1.2026

அன்புள்ள ஹரிக்கு,

நலம்தானே? உங்கள் திட்ட இடத்து மூன்று போர்வெல்களில் பிடித்து நீ அனுப்பிய மூன்று தண்ணீர் பாட்டில்களும் எங்கள் ஆய்வகத்துக்கு வந்து சேர்ந்தன. மூன்றாம் எண்ணைத் திறந்ததும் தார் வாடை. சோதித்தால் பீனால் நச்சு, குடிநீரில் இருக்கக்கூடிய அளவைவிடப் பல மடங்கு. நிலக்கரியை வெட்டாமல் பூமிக்குள்ளேயே எரித்து, வாயுவாக மேலே இழுத்து, புகையில்லாத எரிபொருள் செய்கிறோம் என்றாயே. எரிந்த இடத்திலிருந்து நிலத்தடி நீரில் எதுவும் கலக்காதா? அந்த போர் தண்ணீரை யார் குடிக்கிறார்கள்?

அன்புடன்,
அக்கா ஜெயப்பிரியா

திட்ட முகாம்
9.1.2026

அன்புள்ள அக்காவுக்கு,

உன் மூக்குக்கு நெம்மேலி மீன்காரம்மாவே பயப்படுவார், தெரியும். பாட்டிலைச் சரியாகக் கழுவியிருக்க மாட்டார்கள். அந்த அறிக்கையை நிறுத்தி வை. நானே மறுபடி நிரப்பிப் பொங்கலுக்குக் கொண்டு வருகிறேன். தண்ணீர் சுத்தம் என்று வந்தால் கம்பெனிக்கு அடுத்த கட்ட அனுமதி, எனக்கு வேலை நிரந்தரம். வாட்ஸ்அப்பில் எதுவும் எழுதாதே. போன் கம்பெனியுடையது.

தம்பி,
ஹரிஹரன்

படாளம்
20.1.2026

ஹரி,

பொங்கலுக்கு வந்தாய், ஒரு வேளை சாப்பிட்டாய், புது பாட்டில்கள் இருந்த பெட்டியைக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டாய். யார் குடிக்கிறார்கள் என்று கேட்டதற்கு இன்னும் பதில் இல்லை.

புது பாட்டில்களில் பீனால் இல்லை. ஆனால் கிலோமீட்டர் கணக்கில் தள்ளித் தள்ளி இருக்கும் மூன்று போர்களிலும் கடினத்தன்மை 412, 412, 411. எங்கள் உதவியாளர் லோகு அண்ணன் பார்த்துவிட்டு, "இன்னா மேடம், மூணும் ஒரே கொடத்துல மொண்ட மாதிரி கீது" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நம் வீட்டுக் கிணற்றை மார்கழியில்தான் சோதித்தேன். அதுவும் 412.

நீ வந்த அன்று கிணற்றடி ஈரமாக இருந்தது. வெந்நீர் இல்லாமல் குளிக்காதவன் நீ.

நான் நினைப்பது தப்பு என்று ஒரு வரி எழுது. நம்பிவிடுகிறேன்.

அக்கா

திட்ட முகாம்
25.1.2026

அன்புள்ள அக்காவுக்கு,

மூன்றாம் எண் போர், தனகோடி என்பவர் வீட்டு வாசலில் இருக்கிறது. அந்தத் தெருவே அதில்தான் பிடிக்கிறது. லாரித் தண்ணீர் கொடுக்கச் சொல்லி மேலே பேசிக்கொண்டுதான் இருக்கிறேன். இதற்கு மேல் கேட்காதே. புது பாட்டில்களின் அறிக்கையில் ஒரு கையெழுத்து. இத்தனை வருஷத்தில் உன்னிடம் வேறென்ன கேட்டேன்?

ஹரி

சிங்கப்பெருமாள் கோயில்
30.1.2026

ஹரி,

அறிக்கை இணைத்திருக்கிறேன். பீனால் இல்லை, குடிக்க உகந்தது. 'நீர் எடுத்த இடம்' என்ற கட்டத்தில் 'படாளம், எங்கள் வீட்டுக் கிணறு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

முதலில் வந்த மூன்றாம் எண் பாட்டிலின் அறிக்கை, தனகோடியின் ஊர்ப் பஞ்சாயத்துக்குப் பதிவுத் தபாலில் இன்று காலை போயிற்று.

ஜெயப்பிரியா
நீர் ஆய்வாளர்