கியரில் நின்ற வண்டி

இன்று காலை கீழே யாரோ சாவியைத் திருப்பினார்கள். 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். சற்று நேரம் கழித்து மறுபடியும் ஒரு 'டக்'. பனியும் புகையும் பார்க்கிங்கை மூடியிருந்ததால் யாருடைய வண்டி என்று பால்கனியிலிருந்து தெரியவில்லை. கையிலிருந்த டீயை வைத்துவிட்டு உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். சாத்திய பிறகும் கேட்டுக்கொண்டேதான் இருந்தது. அதனால்தான் உனக்கு எழுத உட்கார்ந்தேன்.

உன் பழைய காரும் போன குளிரில் இப்படித்தான் ஆரம்பித்தது. அலுவலகத்துக்குச் சேர்ந்து கிளம்புவோம். ஒரு நாள் சமர்த்தாக ஸ்டார்ட் ஆகும், ஒரு நாள் 'டக்' என்றுவிட்டுச் சும்மா இருக்கும், ஒரு நாள் அதுவும் இராது. உன் வீட்டுக்கு மேல்மாடியில் குடியிருந்த பாவத்துக்கு நான்தான் உதவியாள். ஹெட்லைட்டைப் போடச் சொன்னாய். சாவியைத் திருப்பும்போது வெளிச்சம் மங்கவில்லை. "பேட்டரி நல்லாத்தான்டா இருக்கு" என்றாய். இருந்தாலும் அதன் முனைகளில் பூத்திருந்த பச்சையை வெந்நீர் ஊற்றிச் சுரண்டினாய். பலனில்லை. ஸ்டார்ட்டர் மோட்டாரை ஸ்பேனரால் மெல்லத் தட்டினாய். உள்ளே கார்பன் தேய்ந்திருந்தால் தட்டினால் அசைந்து கொடுக்கும் என்றாய். கொடுக்கவில்லை. கடைசியில் நீளமான ஸ்க்ரூடிரைவரை எடுத்து, மோட்டாரில் பேட்டரி வயர் வந்து சேரும் பெரிய போல்ட்டையும் பக்கத்திலிருந்த சின்ன முனையையும் சேர்த்துத் தொட்டாய். பொறி பறந்தது. இஞ்சின் உடனே உறுமியது.

"பாத்தியா! மோட்டார் மேல பழியே இல்ல. சாவிலருந்து இங்க வர்ற வழியிலதான் கரண்ட் எங்கயோ செத்துப்போகுது." பரீட்சையில் பாஸானவன் மாதிரி சிரித்தாய்.

சாவிக்குப் பின்னால் இருக்கும் சுவிட்சை மாற்றினால் முடிகிற வேலை அது. நீ மாற்றவில்லை. டில்லியில் பெட்ரோல் வண்டிக்குப் பதினைந்து வயதாகிவிட்டால் ரோட்டில் விடமாட்டார்கள். உன் வண்டிக்கு அந்த வயது நெருங்கிக்கொண்டிருந்தது. "போகப்போற வண்டிக்கு எதுக்குடா வைத்தியம்?" என்று அந்த ஸ்க்ரூடிரைவரையே சாவியாக்கிக்கொண்டாய்.

எனக்கு அந்த வித்தை ஒருநாளும் பிடிக்கவில்லை. சாவியால் ஸ்டார்ட் செய்கிறவன் சீட்டில் இருப்பான். வண்டி கியரில் கிடந்து முன்னால் பாய்ந்தாலும் பிரேக்கை மிதித்துவிடுவான். நீயோ காம்பவுண்டுச் சுவருக்கும் பானெட்டுக்கும் நடுவில் குனிந்து நின்றாய். அதனால் ஒவ்வொரு தடவையும் நான் உள்ளே உட்கார்ந்து கியர்க் கம்பியை ஆட்டிப் பார்த்து, "நியூட்ரல்!" என்று கத்துவேன். உனக்கு அது வேடிக்கை.

"என்னடா பிளேனா ஓட்டுற? நம்ம பிளாக்ல எவன்டா வண்டிய கியர்ல விடுறான்?"

நீ சொன்னது வாஸ்தவம்தான். நம் கிட்வாய் நகரில் வீடு ஒன்றுக்கு வண்டி இரண்டு. எல்லோரும் நியூட்ரலில் போட்டு, ஹேண்ட்பிரேக்கும் இழுக்காமல்தான் நிறுத்துவோம். பின்னால் மாட்டிக்கொண்டவன் வழியில் நிற்கும் வண்டியைத் தள்ளிவிட்டுப் போக வேண்டுமே. இந்தப் பழக்கம் கடைசிவரை படியாதவள் உன் மனைவி ஸ்டெல்லா ஒருத்திதான். குன்னூர்ச் சரிவுகளில் ஓட்டப் பழகியவள். அங்கே கியரில் போடாமல் யாரும் வண்டியை விட்டு இறங்க மாட்டார்கள். "ஏம்மா, இங்க உருண்டு போறதுக்குப் பள்ளமே கெடையாது" என்று நீ எத்தனை முறை கேலி செய்திருக்கிறாய்!

அந்தச் சனிக்கிழமை மாலை தண்ணீர் லாரிக்கு வழிவிட அவள்தான் வண்டியை எடுத்தாள். நான் பால்கனியில் நின்றிருந்தேன். "அண்ணா, ஒரே தடவைல ஸ்டார்ட் ஆயிருச்சு!" என்று கையை ஆட்டினாள். லாரி போனதும் சுவரைப் பார்க்க நிறுத்திவிட்டு வீட்டுக்குள் போனாள். நானும் சிரித்துவிட்டு உள்ளே வந்தேன்.

மறுநாள் காலை நீ என்னைக் கூப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமைதானே, தூங்கட்டும் என்று நினைத்திருப்பாய். நான் விழித்துத்தான் இருந்தேன். ஒரு குரல் கொடுத்திருந்தால் என்னடா? இதற்காக இன்றைக்கும் உன்மேல் எனக்குக் கோபம் தீரவில்லை. இஞ்சின் உறுமுவது கேட்டது. கேட்ட வேகத்தில் நின்றும் போனது.

முதலில் கீழே வந்தது நான். ஜன்னல் வழியாகக் கையை விட்டுக் கியரைத் தொட்டேன். முதல் கியர். அதை விடுவித்த பிறகுதான் காவலாளி ஓடி வந்தான். இருவருமாக வண்டியைப் பின்னால் தள்ளினோம். அதற்குமேல் பார்த்ததை உனக்கு எழுத மாட்டேன்.

நீயே கியரைக் கவனிக்காமல் விட்டாய் என்று போலீஸ் எழுதிக்கொண்டது. எல்லோரும் அப்படியே நம்பினார்கள். ஸ்டெல்லா மட்டும் நம்பவில்லை. சாப்பாடு இறங்கவில்லை, தூக்கம் இல்லை. துரும்பாக இளைத்தாள். பழைய வண்டி எடுப்பவர்கள் வந்து உன் வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு போன அன்று மாடியேறி வந்து என் வாசலில் நின்றாள்.

"அண்ணா, கடைசியா வண்டிய நிறுத்துனது நான். எங்க ஊர்ல நிறுத்துற மாதிரி கியர்ல போட்டுட்டேனா? எவ்வளவு யோசிச்சாலும் ஞாபகம் வரல. நீங்கதான் முதல்ல போனீங்க. சொல்லுங்க."

அந்த முகத்தைப் பார்த்தேன். ஆமாம் என்றால் உன் பின்னாலேயே வந்துவிடுவாள் என்று தோன்றியது. தெரியாது என்றாலும் அதேதான்.

"நீ நியூட்ரல்லதாம்மா விட்டிருந்த. நீ வீட்டுக்குள்ள போனப்புறம் என் வண்டிய எடுக்க வேண்டியிருந்துச்சு. உங்க வண்டிய நான்தான் தள்ளினேன். சுவர்ல முட்டிரக்கூடாதேன்னு கியர்ல போட்டேன். எடுத்துவிட மறந்துட்டேன்."

இறங்கிப் போனாள். அன்று அவள் அழுதது மாடிவரை கேட்டது. நீ போனதிலிருந்து அவள் அழுது நான் கேட்டதில்லை. அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட ஆரம்பித்தாள். படியில் என்னைக் கண்டால் மட்டும் திரும்பிக்கொள்வாள்.

போன மாதம் குன்னூருக்கே போய்விட்டாள். சாமான்களை ஏற்றி முடித்ததும் என்னிடம் வந்தாள். "உங்கள என்னால மன்னிக்க முடியல. ஜெபத்துலகூட முடியல" என்றாள். அண்ணா என்று சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன். இனி அது என்னோடு இருக்கட்டும்.

உன்னை மறுபடி பார்ப்போம் என்று அவள் திடமாக நம்புகிறாள். அங்கே வந்ததும் முதல் கேள்வியாக இதைத்தான் உன்னிடம் கேட்பாள். கேட்டால் என் பெயரைச் சொல்லு. உனக்குப் பொய் சொல்ல வராது, தெரியும். அவள் வர இன்னும் நாளிருக்கிறது. இந்த ஒன்றை மட்டும் அதற்குள் பழகி வைத்துக்கொள்.