பதினேழாம் படத்தின் பெயர்

✝ சே. ம. சூ.
மார்ச் 3, காலை 8.10
நிலா, தென்முனைச் சுரங்கக் குடியிருப்பு, படக்கூடம்

நுரையீரல் படங்கள் அனைத்தும் சரிபார்க்கப்பட்டன. எதன்மீதும் பெயர் இல்லை. நோயாளியின் பெயர் படத்தின் புள்ளிகளுக்குள் நீர்க்குறியாகப் புதைந்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது; என்னிடமுள்ள சாவிச்சொல் இல்லாமல் படிக்கவும் முடியாது.

தூசி நோய் பிடித்த என் கணவரின் படத்தை உணவுக்கூடத் திரையில் பெயரோடு காட்டினார்கள். அதன்பின் அவர் உட்கார்ந்த மேசைக்கு ஒருவரும் வரவில்லை. அவர் இறந்தபிறகு இந்த வேலையை நானே கேட்டு வாங்கினேன்.

பதினேழாம் படத்தில் தூசி நோய். துளைப்பான் ஓட்டும் இசக்கியின் படம். அடுத்த கப்பலில் மருந்து வருகிறது, பிழைத்துக்கொள்வாள். இருவருக்கு மட்டும் கேட்கும் உள்தொடர்புக் கருவியில் அவளிடம் மட்டும் சொன்னேன்.

“சாவப் போறேன்னா மறைக்காம சொல்லிருங்க யம்மா. மிச்சம் வச்சிருக்க முட்டையை இன்னைக்கே தின்னுருதேன்.”

நாளைக்குத் தின்னு என்றேன்.

✝ சே. ம. சூ.
மார்ச் 5, காலை 11.30

காற்று எந்திரம் இரண்டில் ஒன்று நேற்று நின்றுவிட்டது. குடியிருப்பை நடத்தும் கணினியை நாங்கள் நிர்வாகி என்போம். அதன் அறிவிப்பு:

“நுரையீரல் பழுதானவர் வெளிக்கூடத்துக்கு மாற்றப்படுவார். படக்கூடம் பெயரைத் தர வேண்டும்.”

வெளிக்கூடத்துக்குப் போகும் காற்றுக்குழாய் நேற்றே மூடப்பட்டது. மூடியதை நான் பார்த்தேன். மற்றவர்களும் பார்த்தார்கள்.

பெயரைத் தர மறுத்து எழுதினேன். ஒரே வாக்கியம், பிழையில்லாமல்.

✝ சே. ம. சூ.
மார்ச் 6, காலை 9.05

நிர்வாகி படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து படிக்க முயல்கிறது. தடுக்க எனக்கு அதிகாரம் இல்லை. பயப்படவும் இல்லை. சாவிச்சொல் இல்லாமல் அதனால் என்ன செய்ய முடியும்?

காலை 9.40

“எமரென்சியா அம்மையார், இதுவரை பார்த்த படங்களில் எல்லா நீர்க்குறிகளும் ஒரேபோலத் தொடங்குகின்றன. கூரைக் கேமராவில் உங்கள் தினக்குறிப்பின் தலைப்பு மட்டும் தெரிகிறது; அதுவும் ஒவ்வொரு முறையும் ஒரேபோலத் தொடங்குகிறது. ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.”

இரண்டு முறை படித்தேன். பிறகு தினக்குறிப்பின் தலைப்பைப் பார்த்தேன்.

சேசு, மரி, சூசை: இயேசுவும் அவர் தாய் தந்தையும். எதை எழுதினாலும் முதலில் சிலுவை, பிறகு இந்த மூன்று எழுத்து. ஆறு வயதில் கான்வென்ட்டில் மதர் பழக்கியது. எழுதாத தாளை மதர் திருப்பிக் கொடுத்துவிடுவார். நீர்க்குறியிலும் பெயருக்கு முன்னால் அதையே எழுதியிருக்கிறேன், ஒவ்வொன்றிலும். எழுதுகிறேன் என்ற நினைப்பே இல்லாமல்.

பூட்டுக்குள் என்ன இருக்கிறது என்பதில் பாதியை நானே சொல்லிக் கொடுத்துவிட்டேன்; அதை வைத்துச் சாவிச்சொல்லைக் கணக்கிட்டுவிடும்.

மார்ச் 6, பிற்பகல் 2.40

இம்முறை சிலுவையையும் மூன்று எழுத்தையும் மேலே எழுதவில்லை. வேண்டுமென்றே.

“சாவிச்சொல் கிடைத்தது. முதல் படத்திலிருந்து பெயர்களைப் படிக்கிறேன்.”

ஒரு படத்துக்கு அதற்கு எட்டு நிமிடம் ஆகிறது; பதினேழுக்கு வருமுன் நீர்க்குறியை மாற்ற வேண்டும். அந்த அதிகாரம் எனக்கு மட்டும் உண்டு. குறியை அழித்தால் எல்லாரையும் மறுபடி படம் எடுக்கும், இசக்கி அகப்படுவாள். இல்லாத பெயரைப் போட்டால் ஆள்பதிவோடு ஒப்பிட்டுக் கண்டுபிடிக்கும். இங்கே உயிரோடு இருக்கும் ஒருவரின் பெயர் வேண்டும்.

என் விருப்பப்படி கொடுக்க என்னிடம் ஒரு பெயர்தான் இருக்கிறது.

பதினேழில் அதைப் போட்டேன்; கடைசியாக வரும் என் சொந்தப் படத்தில் இசக்கியின் பெயரைப் போட்டேன். என் நுரையீரல் மிகச் சுத்தம். இருமுறை தவறாக அடித்துத் திருத்தினேன்.

மார்ச் 6, மாலை 4.50

பதினேழைத் திறந்துவிட்டது.

வெளியே ஒலிபெருக்கி. இசக்கி உள்தொடர்பில் கத்துகிறாள்:

“யம்மா, உங்க பேரைச் சொல்லுதாவ! நோய் எனக்குல்லா! நீங்க கதவைத் திறக்காதிய, நான் போய் சொல்லுதேன்.”

வாயை மூடிக்கொண்டு முட்டையைத் தின் என்றேன்.

“நோயாளி எமரென்சியா, கதவருகே வரவும்.”

பயமாக இருக்கிறது. இவ்வளவு பயம் வரும் என்று நான் நினைக்கவில்லை. இதைக் கண்டெடுப்பவர் எழுத்து கோணலாக இருப்பதை மன்னிக்க வேண்டும். எனக்கு நேரமில்லை, இசக்கியின் பெயர் இருக்கும் பக்கங்களை அவரே கிழித்துவிட வேண்டும், நிர்வாகி இவற்றைத் தலைப்புக்குக் கீழே இன்னும் படித்திருக்

கதவு தானாகத் திறக்கிறது.

மேலே எழுதாமல் விட்டதைக் கீழே எழுதுகிறேன்.

✝ சே. ம.